ஹெலிகொப்டரை விழுத்தியது நான் இல்லை

சங்கத் தலைவரே, நீர் பொய் எழுதியிருக்கிறீர்.

ஊர்ச் சங்கத்தின் இந்த வருட மலரில் உம்முடைய கட்டுரையைப் படித்தேன். நடுப்பக்கம், கோட் போட்ட படம். எங்கள் ஊரில் முதன்முதலாகப் பறந்த ரிமோட் கொன்ட்ரோல் ஹெலிகொப்டரைப் பற்றி அதில் ஒரு பந்தி இருக்கிறது. அதை ஓட்டப் பழக்கியவர் நீராம். நீர் பழக்கியும் பயனில்லாமல், ஆண்டுவிழா அன்று ஒரு சிறுமி பதறிக் கையை விட்டதால் அது விழுந்து நொறுங்கியதாம். அந்தச் சிறுமி நான். எனக்கு அப்போது பதினாலு வயது. நான் பதறவில்லை. கையையும் விடவில்லை.

என்னோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் அன்று அந்த வயலில் நின்றீர்கள். மலர் உங்கள் வீடுகளுக்கும் வந்திருக்கும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நான் திறக்கிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

தொண்ணூறில் இந்திய ஆமி கப்பலேறிப் போய், அடுத்த சண்டை தொடங்காமல் இருந்த அந்தச் சில மாதங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். கொழும்பு பஸ் ஓடியது. வீட்டில் கரண்ட் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கும் கடலுக்கும் இடையிலே எங்கள் வயல்வெளி நெல் வெட்டி முடிந்து வெறுமையாகக் கிடந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து முகம் காட்டிவிட்டுப் போனார்கள். அப்படித்தான் சின்னமாமாவும் வந்தார். அவர் அம்மாவின் கடைசித் தம்பி. ஜெர்மனியில் ஓர் உணவுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

அவர் கொண்டுவந்த பெரிய பெட்டியை அம்மா சேலை என்று நினைத்தார். அப்பா ரேடியோ என்று நினைத்தார். மேலே நாலு சேலை இருந்தது உண்மைதான். அதற்குக் கீழே, பழந்துணிகளுக்கு நடுவே, பூட்டினால் என் கை இரண்டையும் விரித்தாலும் எட்டாத அளவுக்கு ஒரு ஹெலிகொப்டர் கழற்றியபடி கிடந்தது. முன்பக்கத்துக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசிய ஒரு மூடி. பின்னால் நீளமான அலுமினியக் குழாய், அதன் நுனியில் ஒரு சின்ன விசிறி. மேலே சுற்றும் இரண்டு தகடுகளும் மரம். அவற்றின்மேல் வழவழப்பான வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் எண்ணெயும் புதுச் சப்பாத்தும் கலந்த ஒரு மணம்.

அம்மா சேலையை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார்.

சின்னமாமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புல்வெளிக்குப் போய் அங்குள்ள ஆட்கள் இதைப் பறக்க விடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். ஒருவர் பழசை விற்றபோது வாங்கிவிட்டார். வாங்கியவர் ஒருநாளும் பறக்க விடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அங்கை விழுத்தினால் வெள்ளையள் சிரிப்பாங்கள், மருமகள். இஞ்சை விழுத்தினால் எங்கடை சனம்தானே," என்றார்.

எங்கள் சனத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

எஞ்சின் பெற்றோலில் ஓடாது. மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்றவேண்டும். மெதனோலைக் கொழும்பில் வாங்கி வந்திருந்தார். ஆமணக்கெண்ணெயை நான் நாட்டு மருந்துக்கடையில் வாங்கினேன். அவ்வளவு எண்ணெய் எதற்கு, வீட்டில் எத்தனை பேருக்குப் பேதிக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். ஹெலிகொப்டருக்கு என்றேன். அவர் சிரித்து முடியும்வரை எண்ணெயை அளக்கவில்லை. ஆனால் அந்த எண்ணெய் எரிகிற புகையின் மணம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை வலுக்கட்டாயமாக அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நின்றவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். எனக்கு மட்டும் பிடித்துப்போனது.

முதன்முதல் எஞ்சினைக் கிளப்பியது எங்கள் முற்றத்தில். அதன் தலையில் இருக்கும் குமிழை ரோச் பற்றறியால் சூடாக்கி, பக்கத்து வீட்டில் வாடகைக்கு ஓடுகிற ஹயர்காரின் பற்றறியில் ஒரு சின்ன மோட்டரைப் பூட்டிச் சுழற்றினோம். சீறிக்கொண்டு பிடித்தது. அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டு மாமி தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கர் குழிக்குள் இறங்கிவிட்டார். சத்தம் நின்ற பிறகு விளக்குமாற்றோடு வேலிக்கு வந்தார்.

"விளையாட உங்களுக்கு வேறை சாமான் கிடைக்கேல்லையே? மனிசர் இப்பதான் நித்திரை கொள்ளத் துவங்கியிருக்கினம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஹெலிகொப்டர் என்றால் மேலே நின்று சுடுகிற சாமான் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் ஓடுவோம். எனக்கு ஓடி ஓடி அலுத்துவிட்டது. ஒருமுறையாவது அதை நான் சொன்னபடி போகச் செய்யவேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வயலுக்குப் போனோம். அப்போது ஊரை நடத்திய இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து பார்த்தார்கள். எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார்கள். சின்னமாமா, அது முதலில் எழும்பட்டும் என்றார். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

முதல் நாள் சின்னமாமாதான் ஓட்டினார். கையிலிருந்த கொன்ட்ரோல் பெட்டியின் தண்டை முன்னுக்குத் தள்ள, ஹெலிகொப்டர் ஒருபக்கம் சரிந்து எழும்பி அவரையே நோக்கி வந்தது. அவர் கொன்ட்ரோல் பெட்டியை நிலத்தில் போட்டுவிட்டு இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஹெலிகொப்டர் வரம்பில் மோதி இரண்டு தகடும் முறிந்தன. வரம்பில் இருந்து பார்த்த பெடியன்கள் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் நீரும் ஒருவர், சங்கத் தலைவரே. நீர் பழக்கிய இலட்சணம் அதுதான்.

மாற்றுத் தகடுகள் ஜெர்மனிப் பெட்டியில் இருந்தன. அவற்றை இரண்டு கண்ணாடித் தம்ளர்களின் மேல் படுக்கவைத்துச் சமன் பார்க்கவேண்டும். எந்தத் தகடு இலேசோ அதன் நுனியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரைக் கொஞ்சம் ஒட்டவேண்டும். சின்னமாமாவுக்கு அதற்குப் பொறுமை இல்லை. நான் செய்தேன். கூடிப்போனால் வெட்டினேன், குறைந்தால் ஒட்டினேன். தகடு கிடையாக நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. இதற்குப் பலம் தேவையில்லை. அவசரப்படாத கை இருந்தால் போதும். அது என்னிடம் இருந்தது.

ஓட்டுவதை எப்படிப் பழகினோம் என்று சொல்கிறேன். கேட்டுக்கொள்ளும், சங்கத் தலைவரே. அன்று கைதட்டியதற்கு மேல் உமக்கு ஒன்றும் தெரியாது.

ஹெலிகொப்டரின் வால் நம் பக்கம் இருக்கும்வரை சுகம். இடது என்றால் இடது. அதன் முகம் நம் பக்கம் திரும்பினால் எல்லாம் தலைகீழ். இடதுபக்கம் தள்ளினால் அது எங்கள் வலதுபக்கம் போகும். நிறையப் பேர் அதில்தான் விழுத்துவார்கள். விழுத்தாமல் பழகுவதற்குச் சின்னமாமா ஒரு வழி கண்டுபிடித்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு ஹெலிகொப்டரைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். நான் கொன்ட்ரோல் பெட்டியோடு நடுவயலில் நிற்பேன். நான் தண்டைத் தள்ளுகிற பக்கமெல்லாம் அவர் போகவேண்டும். என்னைப் பார்த்தபடி வருவார், பக்கவாட்டில் நடப்பார், பின்னுக்குப் போவார், வட்டமாகச் சுற்றுவார். நான் பிழையாகத் தள்ளினால் கொள்கை பிசகாமல் போய் வாய்க்காலுக்குள் இறங்குவார்.

"நீதானே தள்ளினனி. நான் என்ன செய்ய," என்பார், முழங்கால் சேற்றோடு.

மேற்கே புகையிலைக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் மாறியவர்கள் வேலையை விட்டுவிட்டு வரம்பில் குந்தி இருந்து பார்த்தார்கள். ஜெர்மனிக்காரனுக்குப் பேய் பிடித்துவிட்டது, அக்காள் மகள் பேயோட்டுகிறாள் என்று கதை பரவியது. அவர்கள் சிரிக்கட்டும். சில கிழமைகளில் முகம் என் பக்கம் திரும்பியபோதும் என் கை பிழைவிடவில்லை. எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே தண்டைத் தள்ளு, முட்டுக் கொடுப்பதுபோல. இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. சின்னமாமா வாய்க்காலுக்குள் விழுந்து விழுந்து நான் கண்டுபிடித்தேன்.

பிறகு உண்மையான பறப்பு. கீழே கமுகஞ்சலாகைக் கம்புகள் இரண்டைக் குறுக்கே கட்டி, நாலு நுனியிலும் கோயில் திருவிழாவில் வாங்கிய மஞ்சள் பிளாஸ்ரிக் பந்துகளைப் பூட்டினோம். சரிந்தாலும் தகடு நிலத்தில் முட்டாது. வால் அடிபடாமல் இருக்க அதன் அடியிலும் ஒரு சின்ன மஞ்சள் பந்து. முதலில் நிலத்தில் வழுக்கிக்கொண்டே திரிந்தேன். பிறகு ஒரு சாண் உயரம். பிறகு இடுப்பளவு. ஒருநாள் காலை, காற்றே இல்லை, அது என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. நின்றது என்றால் சும்மா நிற்காது. அது ஒவ்வொரு கணமும் எங்காவது போகப் பார்க்கும். போகமுன்னே நீங்கள் மறிக்கவேண்டும். மறித்தேன். கீழே நெல்லுத் தாள் எல்லாம் வட்டமாகப் படுத்தது. தூசி கன்னத்தில் அடித்தது. குளத்துப் பக்கம் நின்ற கொக்குகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து இருந்தன.

சின்னமாமா என் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். எண்ணெய்ப் புகை என்றார்.

நான் நன்றாக ஓட்டினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பெண்பிள்ளை தன்னைத்தானே புகழக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தலாம்.

ஊர் கதைக்கத் தொடங்கியது. உம்முடைய தகப்பனார்தான் அப்போது சனசமூக நிலையத் தலைவர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, வளர்ந்த பிள்ளை இப்படி வெட்டவெளியில் நிற்பது சரியில்லை என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா புகையிலைத் தோட்டக்காரர். கதை குறைவு. ஊர்ச் சொல்லுக்குப் பயந்தவர். ஆனாலும் உடனே மறிக்கவில்லை. அடுத்த நாள் வயலுக்கு வந்து ஒருபக்கமாக நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து சொன்னார்:

"ஆண்டுவிழாவிலை ஊர்ச் சனத்துக்கு முன்னாலை ஒருக்கா ஒழுங்காப் பறக்கவிட்டுக் காட்டு. காட்டினால் நானும் வாய் திறக்கமாட்டன், வேறை ஆக்களையும் திறக்க விடமாட்டன். விழுந்துதெண்டால் பெட்டியிலை போட்டு மாமாவோடை அனுப்பிப்போடுவன். பிறகு நீ வயல் பக்கம் போறேல்லை."

எனக்கு அது போதும். அப்பா தந்த நீதியான வாய்ப்பு அது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

சின்னமாமா சம்மதித்தார். உம்முடைய தகப்பனாரும் சம்மதித்தார். வருகிற பிரமுகருக்குக் காட்ட அவருக்கும் ஏதாவது வேண்டியிருந்தது.

நிலையத்தின் ஆண்டுவிழா வைகாசிச் சோளகக் காற்று தொடங்கமுன்னே வந்தது. பந்தல், ஒலிபெருக்கி, கதிரைகள், முன்வரிசையில் பிரமுகர். நான் காலையிலேயே தகடு, தண்டு, ஆணி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். பின்னேரம் ஹெலிகொப்டரை வயலில் வைத்தபோது உம்முடைய தகப்பனார் தட்டோடு வந்தார். திருநீறு, சந்தனம், ஒரு மல்லிகை மாலை. புதுக் கார் வாங்கினால் செய்வதுபோல மூடிக்குச் சந்தனம் வைத்தார். அதுவரை சரி. மாலையைத் தூக்கி மேலே போட்டார்.

"ஐயா, மாலை தகட்டிலை சிக்கும். கழட்டிவிடுங்கோ," என்றேன்.

"புதுச் சாமானை வெறுமனே கிளப்பக்கூடாது பிள்ளை. கண் படும்."

"சிக்கினால் விழுந்திடும் ஐயா."

"எல்லாம் தெரியுமெண்ட நினைப்பு உனக்கு," என்று சொல்லிக்கொண்டே கழற்றினார். பிரமுகர் பார்த்துக்கொண்டிருந்தார். உம்முடைய தகப்பனாரின் முகம் கறுத்தது. ஒரு பெட்டை ஊருக்கு முன்னால் தன்னை மறித்ததை அவர் மறக்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பும்போது மேல் தகடு சுற்றாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். வழக்கமாகச் சின்னமாமா பிடிப்பார். அன்று உம்முடைய தகப்பனார், என் மகன் பிடிக்கட்டும் என்றார். நீர் பிடித்தீர். எஞ்சின் பிடித்தது. நான் கொன்ட்ரோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தள்ளியிருந்த என்னுடைய இடத்துக்கு நடந்தேன். என் முதுகு உங்கள் பக்கம் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது நடந்தது.

கண்ணூறுக்கு லொறிகளில் கட்டுவார்களே, ஒரு தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்த நூல், அதைத் தகப்பனும் மகனுமாக வால் குழாயில் கட்டினீர்கள். வாலின் அடியில் ஏற்கெனவே ஒரு மஞ்சள் பந்து இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பழுத்த தேசிக்காய் தொங்கினால் தூரத்தில் நிற்கிற யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியவில்லை.

எழுப்பினேன். வால் கொஞ்சம் பாரமாக இழுத்தது. டாங்கியில் எண்ணெய் கூடிவிட்டது என்று நினைத்து முன்னுக்குத் தள்ளிச் சமாளித்தேன். இடுப்பளவு, தலையளவு, பந்தலின் உயரம். கூட்டம் அண்ணாந்து பார்த்தது. இடப்பக்கம் கொண்டுபோனேன், திருப்பினேன். முகம் என் பக்கம் வந்தது. அப்படியே என்னை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்றதைக் கடைக்கண்ணால் கண்டேன். அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

நூல் வழுகிப் பின்னுக்குப் போனது அப்போதுதான். வால் விசிறி தேசிக்காயை அடித்தது. பட்டென்று ஒரு சத்தம். விசிறி நின்றுவிட்டது. வால் விசிறி நின்றால் ஹெலிகொப்டர் பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றும். சுற்றிக்கொண்டு பந்தல் பக்கம் போகப் பார்த்தது. நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. எஞ்சினை அடியோடு குறைத்து வெறும் வயலிலே விழுத்தினேன். ஓட்டத் தெரியாதவர் அந்த நேரத்தில் எஞ்சினைக் கூட்டுவார். கூட்டியிருந்தால் அது முன்வரிசைக்குள் போயிருக்கும். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் ஒன்று இருந்தது. விசிறி அரைத்த மிளகாயை மேல் தகட்டின் காற்று வாரிப் பந்தலுக்குள் அடித்தது. பிரமுகர் சால்வையால் முகத்தைப் பொத்தினார். முன்வரிசை முழுக்கத் தும்மியது. உங்களில் எத்தனை பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினீர்கள் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் உடைந்த ஹெலிகொப்டரிடம் ஓடினேன். வால் விசிறியின் அச்சில் நூல் இறுகச் சுற்றிக் கிடந்தது. பாதி மிளகாய் அதிலேயே இருந்தது. அதை இழுத்தெடுத்துத் தூக்கிக் காட்டினேன். உம்முடைய தகப்பனார் வந்தார்.

"உதை இஞ்சை தா பிள்ளை," என்று வாங்கி வேட்டி மடியில் செருகினார். பிறகு ஒலிபெருக்கியில், பிள்ளை பயந்துவிட்டது, சின்னப் பிள்ளைதானே, மன்னிக்கவேண்டும் என்று அறிவித்தார். நீர் பக்கத்தில் நின்றீர். உம்முடைய கண்ணும் சிவந்திருந்தது.

நான் தூக்கிக் காட்டிய நூலைச் சின்னமாமா கண்டவர். ஆனால் வாய் திறக்கவில்லை. அவருக்கு அப்போது உங்கள் சொந்தத்தில், உம்முடைய மாமியின் மகளைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவரைத்தான் கட்டினார். சின்னமாமி நல்ல மனுசி, அவரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. சின்னமாமா பயந்தது வேறு கதை. வாய்க்காலுக்குள் இறங்கப் பயப்படாத மனிதன் உங்கள் வீட்டுக்குப் பயந்தார்.

அன்று வீட்டில் நான் நூலைப் பற்றிச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, பெரிய மனிதர் பொய் சொல்லுவாரா என்றார். அவ்வளவுதான். ஹெலிகொப்டரைப் பெட்டியில் போட்டார்கள். சின்னமாமா அதைக் கொண்டுபோகவும் இல்லை. ஆனியில் சண்டை தொடங்க வெறுங்கையோடு கொழும்புக்கு ஓடினார். பெட்டி எங்கள் வீட்டு மூலையில் கிடந்தது. தொண்ணூற்றைந்தில் ஆமி வர ஊரே எழும்பிப் போனபோது விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை.

இப்போது நான் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறேன். சொந்த உழைப்பில் ஒன்று வாங்கிவைத்துப் பறக்க விடுகிறேன். பற்றறியில் ஓடுவது, புகை இல்லை. முகத்தை என் பக்கம் திருப்பி வட்டம் போடுவேன். பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம். ஆகவே என் திறமைக்கு எனக்கு உம்முடைய சான்று தேவையில்லை.

எனக்குத் தேவை வேறு. அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது, எதைப் பற்றியோ கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்:

"நீ அண்டைக்குக் கொஞ்சம் பதறாமல் நிண்டிருக்கலாம் பிள்ளை. நல்லாத்தான் ஓட்டிக்கொண்டு வந்தனி."

நான் அவருடைய தலையணையைச் சரிப்படுத்தினேன். சாகக் கிடக்கிற மனிதனோடு நூலைப் பற்றிச் சண்டை பிடிக்கலாமா? அவர் அப்படியே நம்பிக்கொண்டு போய்விட்டார். உம்முடைய தகப்பனாரும் போய்விட்டார். இரண்டு பேரையும் இனிக் கேட்க முடியாது. அதோடு விட்டிருப்பேன். நீர்தான் அதை அச்சில் போட்டீர்.

சங்கத்தின் ஒன்றுகூடல் வருகிற தையில் ஊரில் நடக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். நான் வருவேன். முன்வரிசையில் இருப்பேன். வயலில் நின்றவர்களே, நீங்களும் வாருங்கள். உங்களிடம் ஒரு கேள்வி: அன்று உங்கள் கண் எரிந்ததா இல்லையா? எரிந்தவர்கள் சபையில் கையை உயர்த்துங்கள்.

சங்கத் தலைவரே, உமக்குத் தனியாக ஒரு கேள்வி. தொலைபேசியில் சொல்லவேண்டாம், ஆள் அனுப்பிச் சமாதானம் பேசவேண்டாம். மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லும். அந்த முடிச்சைப் போட்டது உம்முடைய தகப்பனாரின் கையா, உம்முடைய கையா?